தாத்தா எழுதி வெச்சார்... பேத்தி தேடிப் படிக்கிறா!

'ஹவாய்'னு சொன்னதும் உங்க மனசுல என்ன ஓடுது? நீலக் கடல், அலை மேல சறுக்கு விளையாட்டு, பூப்போட்ட சட்டை, கழுத்துல பூமாலை, ஹூலா நடனம்... கரெக்டா? தப்பில்லை. டூரிஸ்ட் போஸ்டர்கள் நமக்குக் காட்டினது அவ்வளவுதான்!

ஆனா, அந்தப் போஸ்டர்ல இல்லாத ஒரு ஹவாய் இருக்கு ஃப்ரெண்ட்ஸ். அங்கே ஜனங்க பேப்பர் படிச்சாங்க. சும்மா இல்லை... சொந்த மொழியில, வெறியோட படிச்சாங்க. 1834-ல தொடங்கி 1948 வரை, 114 வருஷம், ஹவாய் மொழியில சுமார் நூறு செய்தித்தாள்கள் வந்து போயிருக்கு. எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டா, ஏறத்தாழ 1,25,000 பக்கம்! பசிபிக் பெருங்கடலுக்கு நட்டநடுவுல, ஒரு சின்னத் தீவுக்கூட்டம் எழுதிக் குவிச்ச சொத்து இது.

அந்தச் சொத்து பல பத்து வருஷம் பூட்டிக் கிடந்தது. இப்போ ஒவ்வொரு பக்கமா கம்ப்யூட்டர் திரைக்கு வந்துக்கிட்டிருக்கு. கொள்ளுத்தாத்தா எழுதின கட்டுரையை, காலேஜ் படிக்கிற பேத்தி ஒரு க்ளிக்ல தேடிப் படிக்கிறா. 'ஆஹா, அருமை! அப்புறம் என்ன பிரச்னை?'னு கேட்கறீங்களா? அங்கேதான் கதையே ஆரம்பம்!

பள்ளிக்கூடத்துல பொறந்த பேப்பர்!

கேம்பஸ் பத்திரிகை நடத்தற நண்பர்கள் கொஞ்சம் காலரைத் தூக்கி விட்டுக்கலாம். ஏன்னா, ஹவாய் மொழியோட முதல் செய்தித்தாளே ஒரு கேம்பஸ் பத்திரிகைதான்!

மாவி தீவுல, லஹைனா நகரத்துக்கு மேலே, மலைச்சரிவுல இருக்கு 'லஹைனாலூனா' பள்ளி. 1831-ல அமெரிக்க மிஷனரிகள் தொடங்கினது. அங்கே 1834 பிப்ரவரி 14-ம் தேதி வெளிவந்தது 'கா லாமா ஹவாய்'. 'ஹவாயின் சுடர்'னு அர்த்தம் வெச்சுக்கலாம். நாலு பக்கம். மாணவர்கள் படிக்கறதுக்காகவே போட்ட வாரப் பத்திரிகை.

அதுக்குப் பன்னிரண்டு வருஷம் முன்னாடி, 1822 ஜனவரியிலதான் ஹவாயில முதன்முதலா அச்சு இயந்திரமே ஓடிச்சு. அதுவரைக்கும் அந்த மொழிக்கு எழுத்தே கிடையாது. கதை, பாட்டு, வம்ச வரலாறு எல்லாமே மனப்பாடம்தான். மிஷனரிகள் ரோமன் எழுத்துகளை எடுத்து ஹவாய் மொழிக்குப் பொருத்தினாங்க. 1826-ல மிஷனரிகள் எந்தெந்த எழுத்து வேணும், எது வேணாம்னு ஓட்டுப் போட்டு முடிவு பண்ணாங்க. கடைசியில மிஞ்சினது அஞ்சு உயிர், ஏழு மெய்... மொத்தமே பன்னிரண்டு எழுத்து! 247 எழுத்து படிச்சு வந்த நமக்கு இதைக் கேட்டா பெருமூச்சுதான் வரும்.

எழுத்து வந்ததும் அந்த ஜனங்க அதைப் பிடிச்சுக்கிட்ட வேகம் இருக்கே... யப்பா! அரசர், அரசி, தலைவர்கள், சாதாரண ஜனங்க, வயசானவங்கன்னு எல்லோரும் பாடம் படிக்க உட்கார்ந்தாங்க. 19-ம் நூற்றாண்டின் நடுவுல, உலகத்துலேயே எழுதப்படிக்கத் தெரிஞ்சவங்க அதிகமா இருந்த நாடுகள்ல ஹவாயும் ஒண்ணு.

இதுல நமக்கும் ஒரு சொந்தம் இருக்கு தெரியுமா? ஹவாய்க்கு 1820-ல ஆள் அனுப்பின அதே அமெரிக்க மிஷன் சங்கம், அதுக்கு முன்னாடியே 1816-ல யாழ்ப்பாணத்துக்கு ஆள் அனுப்பியிருந்தது. அங்கே லஹைனாலூனா மாதிரி, இங்கே வட்டுக்கோட்டை செமினரி. அங்கே 1834-ல 'கா லாமா ஹவாய்'. இங்கே 1841-ல 'உதயதாரகை'. நாம இன்னிக்கும் புரட்டற வின்ஸ்லோ தமிழ் அகராதி வந்தது 1862-ல. அதே சங்கத்து மிஷனரியா ஹவாய்க்குப் போன லோரின் ஆண்ட்ரூஸோட ஹவாய் அகராதி வந்தது 1865-ல. ஒரே ஆலமரத்து ரெண்டு விழுது!

1990-க்கு ஒரு கடுதாசி

முதல்ல வந்த பேப்பர் எல்லாம் மிஷனரிகளோட, அரசாங்கத்தோட கையில இருந்தது. 1861-ல நிலைமை மாறிச்சு. 'கா ஹோகூ ஓ கா பாகிபிகா' - அதாவது 'பசிபிக் நட்சத்திரம்' - வந்தது. முழுக்க முழுக்க ஹவாய் மக்களே நடத்தின முதல் பேப்பர். பின்னாடி அரசரான டேவிட் கலாகவுவா இதுக்குப் பின்னாலே இருந்தவங்கள்ல ஒருத்தர்.

அப்புறம் கேட்கணுமா? பழைய புராணக் கதைகள் தொடர்கதையா வந்தது. 'அடுத்த இதழில் தொடரும்' போட்டு ஜனங்களை ஏங்க வெச்சாங்க. இறந்தவங்களுக்குப் பாடற ஒப்பாரிப் பாட்டு, மீன் பிடிக்கற முறை, மூலிகை, காத்துக்கும் மழைக்கும் ஊருக்கு ஊர் இருந்த பேரு, அரசியல் சண்டை, வாசகர் கடிதம், அதுக்கு எதிர்க்கடிதம்... எல்லாமே அச்சேறிச்சு. வாய்ல இருந்த பண்பாடு காகிதத்துக்கு மாறின நேரம் அது. பெரியவங்க ஒவ்வொருத்தரா செத்துப்போறதுக்குள்ளே எழுதி வெச்சுடணும்ங்கற அவசரமும் இருந்தது. வெளியூர்க் கப்பல்கள் கொண்டு வந்த நோய்கள்ல ஹவாய் ஜனத்தொகை மளமளன்னு சரிஞ்சுக்கிட்டிருந்த காலம் அது.

ஜோசப் கானேபுஉன்னு ஒரு பள்ளி ஆசிரியர். 1862-ல பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். 'கதைகளைச் சுருக்காதீங்க, பாட்டுகளை வெட்டாதீங்க, முழுசாப் போடுங்க'ங்கறது அவரோட கோரிக்கை. காரணம்? 1870-கள்ல, 1880-கள்ல, 1890-கள்ல, ஏன்... 1990-கள்ல வரப்போற ஹவாய்ப் பிள்ளைகளுக்கும் அது வேண்டியிருக்கும்னு சொன்னார்!

யோசிச்சுப் பாருங்க. நூத்தியிருபத்தெட்டு வருஷத்துக்கு அப்புறம் பொறக்கப்போற வாசகருக்காக ஒரு வாத்தியார் சண்டை போட்டிருக்கார். அந்த வாசகர்கள் நிஜமாவே வந்தாங்க. ஆனா, நடுவுல ஒரு பெரிய பள்ளம்.

பேச்சு நின்னு போச்சு

1893 ஜனவரி 17. அமெரிக்கப் போர்வீரர்கள் ஹோனலூலூவுல இறங்கி நிக்க, வெள்ளைக்கார வியாபாரிகளும் தோட்ட முதலாளிகளும் அடங்கின ஒரு கோஷ்டி, அரசி லிலிஉஓகலானியை ஆட்சியிலேர்ந்து இறக்கிடுச்சு. மூணு வருஷம் கழிச்சு 1896-ல ஒரு சட்டம்: பள்ளிக்கூடங்கள்ல இனிமே இங்கிலீஷ்தான் பாடமொழி. 1898-ல ஹவாய் அமெரிக்காவோட சேர்க்கப்பட்டது. 1959-ல அதோட ஐம்பதாவது மாநிலம்.

கிளாஸ்ல தாய்மொழி பேசினா தண்டனை வாங்கின பிள்ளைங்க, வளர்ந்து அப்பா அம்மா ஆனதும் என்ன பண்ணுவாங்க? தன் பிள்ளைங்ககிட்ட அந்த மொழியைப் பேச மாட்டாங்க. 'நாம பட்டது போதும், இதுங்களாவது பிழைச்சுக்கட்டும்'ங்கற நினைப்பு. பேப்பர்கள் அப்பவும் விடாம வந்துக்கிட்டிருந்தது. ஆனா வாங்கறவங்க தலை நரைச்சுக்கிட்டே போச்சு. ஹீலோ நகரத்துலேர்ந்து வந்த 'கா ஹோகூ ஓ ஹவாய்' 1948-ல நின்னுச்சு. அதோட முடிஞ்சது.

1980-களோட தொடக்கத்துல, ஹவாய் மொழியைச் சரளமாப் பேசற பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க ஐம்பது பேர்கூட இல்லைன்னு சொல்றாங்க. ஒரு கிளாஸ் ரூம்ல அடங்கற கூட்டம்!

அப்போதான் சில ஆசிரியர்களும் பெற்றோர்களும் முழிச்சுக்கிட்டாங்க. 1978-லேயே ஹவாய் மொழி மாநில ஆட்சிமொழின்னு அரசியல் சட்டத்துல எழுதியாச்சு. 1983-ல 'பூனானா லியோ'ங்கற அமைப்பு வந்தது. 'குரல்களின் கூடு'ன்னு அர்த்தம். அடுத்த வருஷமே முழுக்க ஹவாய் மொழியில நடக்கற மழலையர் பள்ளி. 1987-லேர்ந்து அரசுப் பள்ளிகள்லயும் ஹவாய் வழிக் கல்வி. இன்னிக்கு மழலையர் பள்ளியிலேர்ந்து முனைவர் பட்டம் வரைக்கும் ஹவாய் மொழியில படிக்க வழி இருக்கு.

பிள்ளைங்க பேசக் கத்துக்கிட்டாச்சு. சரி, எதைப் படிக்கறது? புதுசா எழுதின பாடப் புத்தகம் கைவிரல் விட்டு எண்ணிடலாம். ஆனா பக்கத்துலேயே, மைக்ரோஃபிலிம் சுருள்லயும் காப்பகத்து அலமாரியிலயும் ஒரு லட்சத்துச் சொச்சம் பக்கம் தூங்கிக்கிட்டிருந்தது!

படம் வேற, எழுத்து வேற

இங்கேதான் டெக்னாலஜி உள்ளே வருது. 'ஸ்கேன் பண்ணிப் போட்டா வேலை முடிஞ்சது'ன்னு நினைக்கறீங்களா? அதுதான் இல்லை.

ஸ்கேன் பண்ணினா கிடைக்கறது ஒரு போட்டோ. உங்க கண்ணுக்கு அது எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது வெறும் கறுப்பு வெள்ளைப் புள்ளி. அதுல உங்க ஊர்ப் பேரைத் தேட முடியாது. பக்கம் பக்கமாப் புரட்ட வேண்டியதுதான். 1,25,000 பக்கத்தை, ஒரு நாளைக்கு நூறு பக்கம் வீதம் லீவே போடாமப் புரட்டினாலும் மூணரை வருஷம் ஆகும்!

அதனாலே அடுத்த படி, படத்தை எழுத்தா மாத்தற மென்பொருள். 'ஓ.சி.ஆர்.'னு சொல்வாங்க. ஆனா அது இங்கிலீஷ் படிச்சு வளர்ந்த பிள்ளை. ஹவாய்ப் பேப்பரைக் கொடுத்தா திருதிருன்னு முழிக்கும். 'ஈ'யை 'சி'ங்கும், 'ஓ'வை 'ஏ'ங்கும். போதாக்குறைக்கு, 1930-களுக்கு முந்தின காகிதம் மஞ்சளாகி, மை பரவி, மடிப்புல கிழிஞ்சு, அதை எடுத்த மைக்ரோஃபிலிமும் மங்கலாகி... எந்திரத்தைச் சொல்லிக் குத்தமில்லை!

ஒரு விஷயம் மட்டும் கை கொடுத்தது. ஹவாய் மொழியில எந்தச் சொல்லும் உயிரெழுத்துல தான் முடியும். ரெண்டு மெய்யெழுத்து பக்கத்துப் பக்கத்துல வரவே வராது. எழுத்தும் பன்னிரண்டே. ஆக, நடுவுல மெய்யெழுத்து ஜோடி போட்டு உட்கார்ந்திருந்தா, பெரும்பாலும் அது தப்புன்னு மென்பொருளே கண்டுபிடிச்சுடலாம். பைபிள் பேர்கள், வெளிநாட்டுப் பேர்கள் வர்ற இடம் மட்டும் விதிவிலக்கு.

2000-களோட தொடக்கத்துலேயே வேலை ஆரம்பமாச்சு. 'உலுகாவ்'ங்கற ஹவாய் மின்நூலகம் வந்தது. பிஷப் மியூசியமும் மொழி அறிஞர்களும் சேர்ந்து பக்கங்களை எழுத்தா மாத்தினாங்க. ஆனா கை கொஞ்சம், மலை பெரிசு. அப்போதான் 2011-ல ஒரு ஐடியா: 'ஊரைக் கூட்டுவோம்!'

திட்டத்தோட பேரு 'இகே கூஒகொஆ' - விடுதலை அடைஞ்ச அறிவு. அது தொடங்கின நாள் நவம்பர் 28. 1843-ல பிரிட்டனும் பிரான்ஸும் ஹவாயைத் தனி நாடுன்னு ஒப்புக்கிட்ட நாள். முடிக்கறதுக்கு வெச்ச நாள் 2012 ஜூலை 31. அதே 1843-ல, சில மாசம் பறிபோயிருந்த ஆட்சி திரும்பக் கிடைச்ச நாள். தேதி பார்த்தே அடிச்சிருக்காங்க பாருங்க!

இலக்கு 60,000 பக்கம். விதி ரொம்ப சிம்பிள். பேரைப் பதிவு பண்ணுங்க, ஒரு பக்கத்தோட படம் உங்க திரைக்கு வரும், பார்த்து அப்படியே டைப் அடிங்க. ஹவாய் மொழி தெரியணும்னு அவசியமில்லை, எழுத்து தெரிஞ்சாப் போதும். ஸ்கூல் பசங்க, பாட்டிமார்கள், கடல் கடந்து குடியேறின ஹவாய்க்காரங்கன்னு ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்து தட்டினாங்க. பொடி எழுத்துல ஆறு பத்தி ஓடற ஒரு பக்கத்தை முடிக்க மணிக்கணக்கு ஆகும். கூலி? ஒரு பைசா கிடையாது. அறுபதாயிரத்தையும் எட்டிப் பிடிக்க முடியலைதான். ஆனா ஆயிரக்கணக்கான பக்கம் தேடக்கூடிய எழுத்தா மாறிச்சு. அதைவிட முக்கியம், 'இது நம்ம சொத்து'ங்கற நினைப்பு ஜனங்களுக்கு வந்துச்சு.

இன்னிக்கு ஹவாய் விவகார அலுவலகம் நடத்தற 'பாபாகிலோ' தரவுத்தளத்துலயும் உலுகாவ்லயும் இந்தப் பேப்பர்கள் இலவசம். உலகத்துல எந்த மூலையிலேர்ந்தும் படிக்கலாம்.

மூணே எழுத்து... நாலு அர்த்தம்!

இப்போ உங்களையே ஹவாய் மாணவரா நினைச்சுக்கங்க. தேடுபெட்டியில ஒரு சொல்லை அடிக்கறீங்க. ஆங்கில எழுத்துல பி, ஏ, யூ. மூணே எழுத்து. வந்து விழுது பாருங்க பட்டியல்... 'முடிஞ்சுது'ங்கற அர்த்தத்துல ஒண்ணு. 'விளக்குக் கரி'ங்கறது இன்னொண்ணு. 'ஈரம்'னு ஒண்ணு. பெண்கள் கட்டற 'பாவாடை'ன்னு ஒண்ணு. என்ன, தலை சுத்துதா?

காரணம் இதுதான். ஹவாய் மொழியில குறில் நெடில் வித்தியாசம் உண்டு. நமக்குக் 'கல்' வேற, 'கால்' வேற இல்லையா, அந்த மாதிரி. அதோட, தொண்டையில மூச்சை ஒரு நொடி அடைச்சுவிட்டுச் சொல்ற ஒரு மெய்யொலியும் உண்டு. இன்னிக்கு எழுதும்போது நெடிலுக்கு மேலே ஒரு கோடு, தொண்டை ஒலிக்கு 'ஓகினா'ங்கற ஒரு சின்னக் குறி போடறாங்க. ஓகினாவைப் பதிமூணாவது எழுத்தாவே சேர்த்துக்கிட்டாச்சு. ஆனா பழைய பேப்பர்ல இது ரெண்டுமே கிடையாது! அன்னிக்குப் படிச்சவங்களுக்கு அது தாய்மொழி. இடம் பார்த்துத் தானா சரியாப் படிச்சுக்குவாங்க. இன்னிக்கு ஸ்கூல்ல கத்துக்கிட்ட பிள்ளைக்கு அந்தக் காது இல்லை.

ஆக, கோடும் குறியும் போட்டுத் தேடினா ஒண்ணுமே கிடைக்காமப் போகலாம். போடாமத் தேடினா கூடை கூடையாக் கொட்டும். எதைப் பொறுக்கறதுங்கறது உங்க சாமர்த்தியம். இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு ஆள் வேணும். வெப்சைட் தானா சொல்லித் தராது.

தேடினவங்களுக்குக் கிடைச்சது!

'பழைய பேப்பரைத் தோண்டி என்ன கிடைக்கப்போகுது?'னு கேட்கறவங்களுக்கு, இதோ சாம்பிள்.

புயல்: ஹவாய்த் தீவையும் மாவியையும் பெரிய சூறாவளி தாக்கினதே இல்லைன்னு ரொம்பப் பேர் நினைச்சிருந்தாங்க. வானிலைப் பதிவுகள் அவ்வளவு பழசு இல்லையே! ஆனா 1871 ஆகஸ்ட் 9-ம் தேதி அடிச்ச ஒரு புயலைப் பத்தி ஹவாய்ப் பேப்பர்கள்ல ஊர் ஊரா எழுதியிருந்தாங்க. காத்து முதல்ல எந்தத் திசையிலேர்ந்து வந்தது, அப்புறம் எப்படித் திரும்பிச்சு, எத்தனை வீடு போச்சு, எந்தத் தோப்பு சாஞ்சது... ஹவாய்ப் பல்கலைக்கழகத்து வானிலை ஆராய்ச்சியாளர் ஸ்டீவன் பிசிங்கரும், மொழி அறிஞர் புவாகெயா நோகல்மையரும், இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து அந்தக் குறிப்புகளை வரைபடத்துல புள்ளி புள்ளியா வெச்சுப் பார்த்தாங்க. 2018-ல வந்த அவங்க கட்டுரை சொல்ற முடிவு: அது குறைஞ்சது மூணாம் நிலைச் சூறாவளி! இன்னிக்கு அந்தத் தீவுகள்ல வீடு கட்டறவங்களுக்கும் பேரிடர்த் திட்டம் போடறவங்களுக்கும் இது உயிர்ப் பிரச்னை. 'வராது'ன்னு நினைச்சது, ஏற்கெனவே வந்திருக்கு.

கையெழுத்து: 'அமெரிக்காவோட சேர்ந்தப்போ ஹவாய் ஜனங்க பெரிசா எதிர்ப்புக் காட்டலை'ன்னு ரொம்ப வருஷமா சரித்திரப் புத்தகங்கள் சொல்லிக்கிட்டிருந்தது. ஏன்னா, எழுதினவங்க படிச்சது இங்கிலீஷ் ஆவணங்களை மட்டும். 1996-ல ஆராய்ச்சி மாணவி நோயெநோயெ சில்வா, வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்துல ஒரு கட்டைக் கண்டெடுத்தார். 1897-ல அமெரிக்க செனட்டுக்குப் போன எதிர்ப்பு மனு. 21,269 கையெழுத்து! அன்னிக்கு ஹவாய்ப் பூர்வகுடிகள் மொத்தமே சுமார் 40,000 பேர்தான். அந்த மனுக்கட்டோட நகல் மக்கள் பார்வைக்கு வந்தப்போ, தங்களோட பாட்டன் பாட்டி பேரைக் கண்டுபிடிச்சவங்க ஏராளம். சில்வா அதோட நிக்கலை. ஹவாய் மொழிப் பேப்பர்களை வரி வரியாப் படிச்சு, எதிர்ப்பு எப்படி நடந்ததுன்னு 2004-ல ஒரு புத்தகமே எழுதினார். வாயை மூடிக்கிட்டிருந்தாங்கன்னு சொல்லப்பட்ட ஜனங்க, வாரா வாரம் பேப்பர்ல கத்திக்கிட்டுதான் இருந்திருக்காங்க. கேட்கத்தான் ஆள் இல்லை!

காவியம்: எரிமலைத் தெய்வம் பெலே, அவளோட தங்கை ஹிஇயாகா... இவங்க கதை 1905, 1906-ல ஒரு பேப்பர்ல தொடரா வந்தது. நூறு வருஷம் கழிச்சு நோகல்மையர் அதைத் தொகுத்து, இங்கிலீஷ்லயும் பெயர்த்து, தலையணை சைஸ் புத்தகமா கொண்டு வந்தார். பேப்பர்ல தொடர்கதை போட்டவரோட உழைப்பு வீண் போகலை.

கதவு திறந்தா மட்டும் போதுமா?

இப்போ கொஞ்சம் சீரியஸாப் பேசுவோம். இத்தனை பக்கம் நெட்ல இருந்தும், பெரும்பாலான மாணவர்கள் இன்னும் என்ன பண்றாங்க? இங்கிலீஷ்ல வந்த நாலஞ்சு புத்தகங்களையே திரும்பத் திரும்பப் புரட்டறாங்க.

அதுல ஒரு ஆபத்து இருக்கு. உதாரணத்துக்கு சாமுவேல் கமகாவ். லஹைனாலூனாவுல படிச்ச பெரிய சரித்திர எழுத்தாளர். 1866-லேர்ந்து 1871 வரை பேப்பர்ல தொடர் எழுதினார். அது 1961-ல இங்கிலீஷ் புத்தகமா வந்தப்போ, பகுதிகளை வெட்டி, வரிசையை மாத்தித்தான் கொடுத்தாங்க. வாசகர்களோட அவர் பேசின பேச்சு, மத்த எழுத்தாளர்களோட போட்ட வாக்குவாதம் எல்லாம் அடிபட்டுப் போச்சு. மிச்சத்தையே 'இதுதான் ஹவாய்ச் சரித்திரம்'னு பல தலைமுறை படிச்சது. மொழிபெயர்க்கப்பட்டது ஒரு கைப்பிடிதான், மொழிபெயர்க்காதது கடல் அளவுன்னு நோகல்மையர் தன்னோட ஆராய்ச்சியில விளக்கமா காட்டியிருக்கார். 2004-ல அவர் தொடங்கின 'அவாயாஉலு' அமைப்பு, புத்தகத்தைவிட முக்கியமா மொழிபெயர்ப்பாளர்களை உருவாக்குது. மூத்தவர் பக்கத்துல உட்கார்ந்து, வரிவரியாப் படிச்சு, வேலை பழகற பாணி.

'எதுக்கு இவ்வளவு கஷ்டம்? ஏ.ஐ. கிட்ட கொடுத்தா மொழிபெயர்த்துடுமே!'னு யாரோ சொல்றது காதுல விழுது. கொடுக்கலாம் பாஸ். ஆனா அது படிச்சு வளர்றதும் நெட்ல இருக்கற எழுத்தை வெச்சுத்தான். மங்கலான பக்கத்தை ஓ.சி.ஆர். தப்பாப் படிச்சிருந்தா, அந்தத் தப்புக்கும் அழகா ஒரு அர்த்தம் கற்பிச்சுக் கொடுத்துடும். அது மட்டுமில்லை. ஹவாய்க் கவிஞர்கள் 'கவோனா'ன்னு ஒரு உத்தி வெச்சிருந்தாங்க. மேலே பார்த்தா மழையைப் பத்தின பாட்டு. உள்ளே காதலோ அரசியலோ ஒளிஞ்சிருக்கும். எந்த ஊர்ல எந்த மழைக்கு என்ன பேருன்னு தெரிஞ்சவருக்குத்தான் அது பிடிபடும். இதைக் கத்துக்க குறுக்கு வழி கிடையாது.

இன்னொரு விஷயம். 2023 ஆகஸ்ட் 8-ம் தேதி லஹைனா நகரத்தைக் காட்டுத்தீ விழுங்கினது நினைவிருக்கா? நூறு பேருக்கு மேல பலி. கடலோரத்துப் பழைய நகரம் கரிக்கட்டையாச்சு. மேலே மலைச்சரிவுல இருந்த லஹைனாலூனா பள்ளி தப்பிச்சுது. முதல் பேப்பர் பொறந்த இடம் மயிரிழையில மிஞ்சினது அதிர்ஷ்டம். ஆனா அதிர்ஷ்டத்தை நம்பிச் சரித்திரத்தைக் காப்பாத்த முடியாது. ஒரே ஊர்ல, ஒரே அலமாரியில, ஒரே ஒரு பிரதியா இருக்கற காகிதம் எவ்வளவு பலவீனமானதுன்னு அன்னிக்கு எல்லோருக்கும் புரிஞ்சது. 1981-ல யாழ்ப்பாணம் நூலகத்தைப் பறிகொடுத்தவங்களுக்கு இதைத் தனியாச் சொல்ல வேண்டியதில்லை.

மாணவர்களுக்கு வேணுங்கறது மூணு கதவு. முதல் கதவு, பக்கம் திரையில தெரியணும். அது பெரும்பாலும் திறந்தாச்சு. ரெண்டாவது, தேடினா கிடைக்கணும். பாதி திறந்திருக்கு. மூணாவது, கிடைச்சதைப் படிச்சுப் புரிஞ்சுக்கணும். அந்தக் கதவை டெக்னாலஜி திறக்காது. ஆசிரியரும் மாணவரும் சேர்ந்துதான் தள்ளணும்.

நீங்களும் ட்ரை பண்ணலாமே!

வெறும் செய்தியாப் படிச்சுட்டு மூடி வெக்காதீங்க. கையில மொபைல் இருக்கே!

* பாபாகிலோ அல்லது உலுகாவ் போய் ஏதாவது ஒரு ஹவாய்ப் பேப்பரைத் திறங்க. மொழி தெரிய வேணாம். பக்கத்தோட படத்தையும், பக்கத்துல இருக்கற தட்டச்சு எழுத்தையும் ஒப்பிட்டுப் பாருங்க. எந்திரம் எங்கே தடுக்கி விழுந்திருக்குன்னு பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சுடுவீங்க.

* நம்ம பக்கம் 1998-லேர்ந்து மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் மூலமா டைப் பண்ணிப் போடுது. 2005-லேர்ந்து நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஏத்துது. உங்க பாட்டன் ஊர்ப் பேரை அதுல தேடிப் பாருங்க.

* கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கறீங்களா? பழைய அச்சுத் தமிழை எழுத்தா மாத்தற மென்பொருளை ஃபைனல் இயர் புராஜெக்ட்டா எடுங்க. பழைய 'ணை', 'றா' எல்லாம் அதைப் படுத்தற பாட்டைப் பார்த்தா, ஹவாய்க்காரங்க கஷ்டம் நல்லாவே புரியும்!

* காலேஜ் ஆண்டு மலர், கையெழுத்துப் பத்திரிகை எது நடத்தினாலும் ரெண்டு பிரதியை நூலகத்துல கொடுத்து வைங்க. தேதி போட மறக்காதீங்க.

கடைசியா ஒண்ணு. 1862-ல அந்தப் பள்ளி ஆசிரியர் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம்தான். 'வெட்டாம முழுசாப் போடுங்க, பின்னாடி வர்றவங்க படிப்பாங்க.' அவருக்கு இன்டர்நெட் தெரியாது. தன் மொழி ஒருநாள் ஒரு கிளாஸ் ரூம் பிள்ளைங்க அளவுக்குச் சுருங்கும்னும் தெரியாது. ஆனா படிக்க ஆள் வரும்னு நம்பினார். வந்தாங்க.

நீங்க இன்னிக்கு எழுதற எதை, நூறு வருஷம் கழிச்சு யார் தேடுவாங்கன்னு யாருக்குத் தெரியும்? தெளிவா எழுதுங்க... பத்திரமா வைங்க!